நான் அடித்த நாலு முப்பத்தொன்று

அந்த சப்-இன்ஸ்பெக்டரை எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஸ்விட்ச் அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது, இயந்திரத்துக்குத் தூசி ஆகாது. கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் பூட்ஸோடு வந்தார். உட்காருங்கள் என்று நான் சொல்வதற்குள் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துண்டுக் காகிதத்தை மேஜைமேல் தள்ளினார். அதில் எங்கள் எக்ஸ்சேஞ்சைச் சேர்ந்த சோழபுரத்து லேண்ட்லைன் எண் ஒன்றும் ஒரு தேதியும் இருந்தன. அந்த நம்பரிலிருந்து அன்றைக்கு யார் யாருக்குப் போன் போயிருக்கிறது, பத்து நிமிஷத்தில் வேண்டும் என்றார்.

அந்த அறைக்கு நான் பொறுப்பதிகாரி. இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டவள். துண்டுக் காகிதத்துக்கெல்லாம் ஒருவருடைய அழைப்பு விவரத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது, உங்கள் பெரிய அதிகாரி எங்கள் பெரிய அதிகாரிக்கு எழுதவேண்டும், அங்கிருந்து எனக்கு உத்தரவு வரவேண்டும் என்றேன். யாரையோ காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றார். ஆமாம், என் நாற்காலியைக் காப்பாற்றப் பார்க்கிறேன், எழுந்திருங்கள் என்றேன். போகும்போது கதவை அறைந்து சாத்தினார். அந்தக் கதவின் கீல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அன்றோடு போயிற்று.

முறைப்படியான உத்தரவு சில வாரம் கழித்து வந்தது. கூடவே அவரும் வந்தார். இந்த முறை பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்விட்ச் என்றால் சுவரில் இருக்கும் விளக்கு ஸ்விட்ச் இல்லை. ஒரு ஹால் நிறைய நிற்கும் இரும்பு அலமாரிகள். ஊரில் உள்ள லேண்ட்லைன் அழைப்புகளையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துவிடும் இயந்திரம். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் அது ஒரு வரி எழுதிவைக்கும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி. இதை நாங்கள் சி.டி.ஆர். என்போம். பில் போடுவதற்காக எழுதப்படுவது. அதைப் போலீஸ்காரர்கள் ஜாதகம் மாதிரி நம்புவார்கள்.

அந்த வரியை வெளியே எடுப்பது லேசான வேலை இல்லை. வாரம் ஒருமுறை ஸ்விட்சில் சேர்ந்ததையெல்லாம் டேப்பில் இறக்கிப் பீரோவில் வைத்துவிட்டு, ஸ்விட்சைக் காலி செய்வோம். பழைய தேதி வேண்டுமென்றால் அந்த வாரத்து டேப்பைத் தேடவேண்டும், டிரைவில் போடவேண்டும், அது முனகி முனகிச் சுற்றி முடிகிறவரை உட்கார்ந்திருக்கவேண்டும், பிறகு கமாண்ட் அடித்து ஆயிரக்கணக்கான வரியில் அந்த ஒரு எண்ணைச் சலித்தெடுக்கவேண்டும். இவ்வளவும் நான் செய்துகொண்டிருந்தபோது எஸ்.ஐ. என் பிடரிக்குப் பின்னால் நின்று பாக்கு மென்றுகொண்டிருந்தார். அந்தப் பாக்கு வாசனையை என் அறையிலிருந்து துரத்தவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வரி கிடைத்தது. சோழபுரத்து வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எண் ஒன்றுக்கு ஒரே ஓர் அழைப்பு. மாலை நாலு நாற்பத்தாறு. நூற்று முப்பத்திரண்டு விநாடி.

மாட்டிக்கிட்டான் என்றார் எஸ்.ஐ. யார் மாட்டிக்கொண்டது, எதில் என்று நான் கேட்கவில்லை. அச்செடுத்தேன். இப்படிக் கொடுக்கும் காகிதத்தோடு ஒரு சான்றிதழும் தரவேண்டும், சட்டம் அப்படி. குறிப்பிட்ட நாளில் இந்த இயந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று பொறுப்பதிகாரி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வாசகம் எங்களிடம் தயாராக இருக்கும். தேதியை மட்டும் மாற்றினேன், கையெழுத்துப் போட்டேன், ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினேன். அன்று என்ன கிழமை, அன்று எங்கள் எக்ஸ்சேஞ்சில் என்ன நடந்தது என்று ஒரு நிமிஷம் நின்று நினைத்துப் பார்த்திருந்தால் இதை எழுதவேண்டியதே வந்திருக்காது.

ஏழெட்டு மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. அந்தக் காகிதத்தைக் கொடுத்தது நான்தான் என்று வந்து சொல்லவேண்டும், அரசுத் தரப்பு சாட்சி. எரிச்சலோடுதான் போனேன். காலையில் பத்து மணிக்கு வரச்சொல்லி, பன்னிரண்டு மணிக்கு இன்றைக்கு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். நீதிமன்றத்தில் எல்லோருடைய நேரமும் இலவசம், நீதிபதியுடையதைத் தவிர.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். பேச ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தாள். யார் எவர் என்று என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பி கேஸுக்காக வந்திருப்பதாகச் சொன்னாள். கொஞ்சநேரத்தில் கேஸ் முழுவதையும் கொட்டிவிட்டாள்.

செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பு. அதில் அவளுடைய தம்பிக்கும் பங்காளிக்கும் நெடுநாளாகத் தகராறு. ஒருநாள் சாயங்காலம் முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் தோப்புக்குள் வந்து பங்காளியின் கையை அரிவாளால் வெட்டிவிட்டு ஓடிவிட்டான். முகம் தெரியாவிட்டால் என்ன, வெட்டியது இவள் தம்பிதான் என்று பங்காளி சொல்லிவிட்டான். தோப்புக் காவல்காரன் ஆம்புலன்ஸுக்குச் செல்போனில் கூப்பிட்ட நேரம் மூணு ஐம்பத்திரண்டு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தம்பியோ அந்த நேரத்தில் சோழபுரம் வீட்டில் இருந்ததாகச் சொல்கிறான். அவனுடைய செல்போன் வாய்க்கால் தண்ணீரில் விழுந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரிப்பேர் கடையில் கிடந்தது. அது ரெடியாகிவிட்டதா என்று கடையில் கேட்டுவரச் சொல்லி, அக்காவுக்கு வீட்டு லேண்ட்லைனிலிருந்து பேசியிருக்கிறான். அது நாலு மணிக்கு முன்னாலேயே. தோப்புக்கும் சோழபுரத்துக்கும் மோட்டார் சைக்கிளில் விரட்டிப்போனாலும் முக்கால் மணி நேரம் ஆகும்.

"ஆனா டெலிபோன் ஆபீசுல இருந்து ஒரு பேப்பர் குடுத்திருக்காக. அதுல நாலே முக்கால்னு இருக்காம். வெட்டிப்போட்டு வீட்டுக்கு வந்து, அதை மறைக்க எனக்குப் போன் போட்டானாம். ஜாமீன்கூட குடுக்க மாட்டேங்காக. எம்மவ ஸ்கூல் வேன் நாலு பத்துக்கு வரும். அவ வாரதுக்கு முன்னாலயே போன் வந்துச்சு. நான் சொன்னா கூடப்பெறந்தவ பொய் சொல்லுதாங்காக."

எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. சொந்தக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள், இயந்திரம் பொய் சொல்லாது என்றுதான் நினைத்தேன். திமிர் என்றால் அதுதான் திமிர். அடுத்து அவள் ஒன்று சொன்னாள்.

"அன்னைக்கு காலையில இருந்து போன் செத்துக் கெடந்துச்சு. டோன் வருதா வருதான்னு அவன் எடுத்து எடுத்துப் பாத்திருக்கான். வந்ததும் மொத போன் எனக்குத்தான்."

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவள் சொன்ன அந்த நாள் செவ்வாய்க்கிழமை. எங்கள் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி மாற்றிய நாள்.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். பழைய பேட்டரிகள் காலையில் மொத்தமாகக் கவிழ்ந்து ஸ்விட்ச் நின்றுபோனது. ஊரில் ஒரு லேண்ட்லைனுக்கும் உயிர் இல்லை. மில்காரர்கள், ஆஸ்பத்திரி, பாங்கு என்று வாசலில் கூட்டம். தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டு வாங்கினேன். விருதுநகரிலிருந்து புது பேட்டரி வந்து, மாட்டி முடிக்கும்போது மணி மூன்றரை. ஸ்விட்சின் மூளைப் பகுதிக்கு மட்டும் முதலில் மின்சாரம் கொடுத்தோம். அது விழித்துக்கொண்டதும் திரையில் தேதியும் நேரமும் கேட்டது. அதைக் கொடுத்த பிறகு, ஊர் லைன்கள் இருக்கும் அலமாரிகளின் பிரேக்கரை ஒவ்வொன்றாகத் தூக்கிவிடவேண்டும். அதைச் செய்யவேண்டியவர் எங்கள் டெக்னீஷியன் அண்ணாச்சி. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர். வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பிரேக்கர்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூணுல இருந்து நாலரை ராகு காலம் மேடம். புது பேட்டரி. இப்பம் நான் கை வைக்க மாட்டேன். செத்த நேரம் பொறுங்க."

செத்த நேரமாம். ஐம்பது நிமிஷம். வாசலில் கூட்டம் கேட்டை உலுக்கிக்கொண்டிருக்கிறது. நானே தூக்கிவிடலாமென்றால், எந்த வரிசையில் தூக்குவது என்பது அவருக்குத்தான் அத்துபடி. வரிசை தப்பினால் மறுபடி மொத்தமும் நின்றுபோகும். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். ராகு காலம் பார்த்துத்தான் மின்சாரம் பிறந்ததா என்று கேலியும் செய்தேன். மனுஷர் பேட்டரிக்கு வைத்த சந்தனப்பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்ததே கோபம். திரை நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூணு நாற்பது. நாலு முப்பத்தொன்று என்று அடித்தேன்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. எக்ஸ்சேஞ்சு மணி நாலு முப்பத்தொண்ணு. ராகு காலம் முடிஞ்சு போச்சு. ஏத்துங்க."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதல் பிரேக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடமடவென்று ஏற்ற ஆரம்பித்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். லைன் வந்ததும் சரியான நேரத்தை அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பத்து அலாரம் ஒன்றாக அடித்தது, பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள், நான் மறந்துபோனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்துத்தான் திருத்தினேன். கடிகாரத்தைத் திருத்தினால் லாக் புத்தகத்தில் காரணத்தோடு எழுதவேண்டும். ராகு காலத்துக்காக மாற்றி வைத்தேன் என்று ஒரு அதிகாரி எப்படி எழுதுவது? எழுதாமல் விட்டேன். ஆக, அந்தச் செவ்வாய் மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை வரை ஊரில் நடந்த ஒவ்வொரு அழைப்பும் ஐம்பத்தொரு நிமிஷம் பின்னால் நடந்ததாக டேப்பில் ஏறிவிட்டது. நாலு நாற்பத்தாறில் ஐம்பத்தொன்றைக் கழித்தால் மூணு ஐம்பத்தைந்து. அந்தப் பையன் சொன்னது உண்மை.

நீதிமன்றத்திலிருந்து நேரே எக்ஸ்சேஞ்சுக்குப் போய் லாக் புத்தகத்தை எடுத்தேன். அண்ணாச்சியின் குண்டு குண்டான எழுத்தில், லைன் வந்த நேரம் மாலை 4.31 என்று இருந்தது. திரையில் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறார். அடியில் என் கையெழுத்து. நாலு முப்பத்தொன்று வரை எக்ஸ்சேஞ்சே செத்துக் கிடந்தது என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாலு மணிக்கு முன்னால் பேசினேன் என்கிறவன் கடைந்தெடுத்த பொய்யன்தான், எங்கள் புத்தகத்தின்படி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். நான் அடுத்தவன் தலையில் வைத்திருந்தேன்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, மறந்துபோனதை எதுக்கும்மா தோண்டுற, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா என்றார். பொய்ச் சான்றிதழ் கொடுத்ததாக ஆகிவிடும், மெமோ வரும், நான் உனக்கு உதவ முடியாது என்றும் சொன்னார். உள்ளே இருக்கும் பையனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அவரை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அண்ணாச்சியிடம் போனேன். அன்றைக்கு நடந்ததைக் கோர்ட்டில் வந்து சொல்லவேண்டும் என்றேன். அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கடியாரத்த மாத்தி வச்சா ராகு எந்திரிச்சுப் போயிருவானா மேடம்? நேரம் நேரந்தான. அதான் இம்புட்டு வினை."

"அன்னைக்கு ஸ்க்ரீனைப் பாத்துத்தான அண்ணாச்சி ஏத்துனீங்க?"

"நீங்க அதிகாரி. நீங்க நாலரைன்னா எனக்கு நாலரை."

கோர்ட்டுக்கு வரமாட்டேன் என்றார். பென்ஷன் வாங்கப்போகிற நேரத்தில் அவரை இழுக்க எனக்கும் உரிமை இல்லைதான். ஆனால் அந்த நிமிஷம் அந்த டீ கிளாஸைப் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது.

என் வாய்வார்த்தையை மட்டும் யார் நம்புவார்கள்? பையன் வீட்டார் பணம் கொடுத்துப் பேசவைத்திருக்கிறார்கள் என்று எஸ்.ஐ. முதல் ஆளாகச் சொல்வார். சாட்சி வேண்டும், அதுவும் இயந்திரத்தின் சாட்சி. அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் எக்ஸ்சேஞ்ச் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே தனி ஸ்விட்ச், தனிக் கடிகாரம். வெளியூர் ஸ்விட்சிலிருந்து உள்ளே வரும் அழைப்புக்கும் அங்கே ஒரு வரி எழுதப்படும். சோழபுரத்துத் தம்பி பேசியதை எங்கள் ஸ்விட்ச் எழுதியதுபோல, அக்கா வீட்டில் மணி அடித்ததை அந்த ஸ்விட்சும் எழுதியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஸ்விட்சின் பொறுப்பதிகாரியோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு கேபிள் வெட்டுக்கு யார் பொறுப்பு என்று இரண்டு எக்ஸ்சேஞ்சும் கடிதத்திலேயே சண்டை போட்டதில் ஆரம்பித்தது. கல்யாணம், சாவு எதிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மனுஷருக்குக் கடிகாரப் பைத்தியம் வேறு. தினமும் காலையில் ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்தோடு ஸ்விட்ச் நேரத்தை ஒத்துப்பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்காக அவருக்கு நான் ஒரு பட்டப்பெயர் வைத்து, அது மாவட்டம் முழுக்கப் பரவி, அவர் காதுக்கும் போயிருந்தது.

மறுநாளே போனேன். எழுத்துமூல உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார். நான் எஸ்.ஐ.யிடம் கேட்ட அதே கேள்வி, அதே குரல். இல்லை என்றேன். அப்படியென்றால் டேப் இல்லை என்றார். அந்த வாரத்து டேப் இன்னும் இருக்கிறதா, அதையாவது சொல்லுங்கள் என்றேன். அவர்கள் டேப்புகளைச் சுழற்சியில் அழித்துத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இருக்கிறது, வருகிற திங்கட்கிழமை அதன் முறை என்றார். திங்கட்கிழமை அதன்மேல் புது வாரம் ஏறிவிட்டால், உலகத்தில் அந்த மூணு ஐம்பத்தைந்துக்கு வேறு அத்தாட்சி இல்லை.

அவருடைய மேஜைக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ராகு காலம், அண்ணாச்சி, நாலு முப்பத்தொன்று, லாக்கில் எழுதாதது, படிக்காமல் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். அவர் முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து அறையிலிருந்த கிளார்க்கைக் கூப்பிட்டு, என்னை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் பீரோவைத் திறந்து டேப்பை எடுத்தார். அழிக்கக்கூடாது என்று சிவப்பு மையில் அதன்மேல் எழுதினார். உத்தரவு வரும்வரை காகிதம் தரமாட்டேன், ஆனால் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

டேப் முதலில் படிக்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் டிரைவின் தலையைத் துடைத்தோம். பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் துடைத்தோம். மூன்றாவது தடவை ஓடியது. அந்த வரி வந்தது. சோழபுரத்து எண், அக்கா வீட்டு எண், மாலை மூணு ஐம்பத்தைந்து. நூற்று முப்பத்திரண்டு விநாடி. எங்கள் டேப்பில் இருந்த அதே நூற்று முப்பத்திரண்டு. அவர் தன் நோட்டைப் புரட்டி அன்றைய தேதியைக் காட்டினார். கடிகாரம் சரி என்று எழுதி, கையெழுத்தும் இருந்தது.

பையனின் வக்கீலைத் தேடிப்போய், இந்த டேப்பை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போடச் சொன்னேன். அரசுத் தரப்பு சாட்சி நீங்கள், என்னிடம் வந்து சொல்கிறீர்களே என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நல்லது செய்யப்போனால் எல்லோரும் திருடியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த வாரம் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் காகிதத்தைக் காட்டி, இது நீங்கள் கொடுத்ததா என்றார். ஆமாம். கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். இதில் உள்ள நேரம் சரியானதா? இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கவேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். தன் தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்து தனக்கே எதிராகப் பேசுகிறவர்களுக்கு அந்தப் பெயர். பிறகு என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை மட்டும் நேரடியாகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்து அதையும் கேட்டார்.

கடைசியில் நீதிபதியே என்னைப் பார்த்துக் கேட்டார். மறந்து தவறாக அடித்தீர்கள் என்றால் புரிகிறது, அதென்ன குறிப்பாக நாலு முப்பத்தொன்று?

"அன்னைக்கு செவ்வாய்க்கிழமைங்க ஐயா. நாலரை வரைக்கும் ராகு காலம்."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. எஸ்.ஐ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். குற்றவாளிக் கூண்டில் நின்ற அந்தப் பையன், சுவரோரம் நின்ற அவன் அக்கா. அவள் அப்போதுதான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டேப் நீதிமன்றத்துக்கு வந்த பிறகு பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது. தீர்ப்பு நாளன்று யாரும் கூப்பிடாமலே லீவு போட்டுவிட்டுப் போனேன். விடுதலை என்று நீதிபதி வாசித்ததை வராந்தாவில் நின்றே கேட்டேன். வாசலில் அக்காவும் தம்பியும் வெளியே வந்தபோது, நான் ஒதுங்கிப் போகாமல் அங்கேயே நின்றேன். உண்மையைச் சொல்வதென்றால், அவள் ஒரு நன்றி சொல்வாள் என்று நின்றேன். வேலையைப் பணயம் வைத்துப் பேசியிருக்கிறேன் அல்லவா. எந்த முகத்தோடு அதை வாங்கிக்கொள்வது, போதும்மா, என் கடமைதானே என்று எப்படிச் சொல்வது என்றெல்லாம்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"ராகு காலம் ஒன்றர மணி நேரந்தான மேடம். எந்தம்பி எட்டு மாசம் உள்ள கெடந்தான்."

அவள் கத்தவில்லை, அழவில்லை. கணக்கு சரிதானா என்று கேட்பதுபோலக் கேட்டாள். அவள் தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. அவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.